பின் வாங்கில் முசுட்டை வறை

சர்க்கரை பார்க்கச் சலரோகக் கிளினிக்கில் வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுத்துவிட்டு வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தபோது, பின் வாங்கில் யாரோ சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். முசுட்டை இலை வறையின் மணம் என்னைச் சண்டிலிப்பாய்ச் சந்தியின் பின்னேரச் சந்தைக்கு இழுத்துப் போனது.

புளியமரத்தின் கீழ் ஈரச் சாக்கு விரித்து, தன் வேலியில் படர்ந்த முசுட்டையையும் முல்லை இலையையும் ஆய்ந்து குவித்து, வாடாமலிருக்கப் பரமேசக்கா கையால் தண்ணீர் தெளித்தபடியே இருப்பார். துளிகள் என் காலில் தெறிக்கும். அம்மா ஒவ்வொரு பிடியாய் முகர்ந்து பார்த்து, மேலும் ஒரு பிடியைச் சும்மா பறித்துக்கொண்டுதான் நகர்வார்.

இப்போது அங்கே கண்ணாடிக் கதவு போட்ட கடை. பிஸ்கற்றும் சோடாவும் உறைந்த கோழியும். இலை வேண்டுமென்றால் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போகவேண்டும். போகாமலே பழகிவிட்டோம்.

வாங்கில் என் பக்கத்தில் இருந்தவர், காலில் பெரிய கட்டோடு, பிஸ்கற் பைக்கற்றைப் பிரித்தார். முகத்தைப் பார்த்தேன். பரமேசக்கா.

“அக்கா, நீங்களுமோ?”

“ஓம் பிள்ளை, விரல் ரண்டு எடுத்தாச்சு. சந்தை நிண்டுபோன பிறகு ஆருக்கு விக்கிறது? வேலியை வெட்டிப்போட்டு மதில் கட்டினனாங்கள்.”

பிறகு மூக்கை நிமிர்த்தி, “முசுட்டை,” என்றார். கண்ணை மூடிக்கொண்டு பிஸ்கற்றைக் கடித்தார்.