கட்டுப் பிரிக்கும் முன் ஒரு கேள்வி

புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலையில் முதலில் மூக்கு செத்துப்போகும். வாய் மட்டும் நாளுக்கு நாள் வளரும். எழுபதுகளில் செங்கல்பட்டு பஜாரை ஒட்டி ஒரு சின்ன கிளினிக்கில் எனக்கு அதுதான் உத்தியோகம். சீழோடும் பஞ்சோடும் மாரடித்த என் நர்ஸ் இனத்தாரே, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரே மருந்து, ஒரே துணி. ஒருத்தருக்கு வாரத்தில் ஆறும், இன்னொருத்தருக்கு மாசம் ஆனாலும் ஆறாது. ஏன் என்று கேட்டு நான் டாக்டரோடு மல்லுக்கு நின்றது லாரி டிரைவர் ஏகாம்பரத்தின் இடது காலுக்காக. கால் தங்குமா போகுமா என்கிற நிலைமை. அதற்கு முன்னால் வேறு இரண்டு பேரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

இன்ஸ்பெக்டர் கட்டி

ஒரு கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால் போதும், பத்து நாள் முன்னாடியே இவர் கழுத்தில் கட்டி வந்துவிடும். தூக்கம் கிடையாது, சோறு இறங்காது. மற்ற நாளில் கொசு கடித்தால்கூடத் தடிக்காத உடம்பு. மூன்று வருஷம் அந்தக் கட்டிக்கு மருந்து வைத்தவள் நான். "பயந்துகிட்டே இருக்கிற உடம்புல எதிர்ப்புச் சக்தி எங்கேருந்து சார் வரும்?" என்று டாக்டரிடம் கேட்டேன். "நீ கட்டியைப் பாரும்மா, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார். அவர் எதையும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

நாலாவது வருஷம் அதே மாசத்தில் வாத்தியார் வெறுங்கழுத்தோடு, வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். "இந்தத் தடவை இன்ஸ்பெக்டரே கட்டி வந்து படுத்துட்டாராம் நர்சம்மா, அவரைச் சோதிக்க அவருக்கு மேல ஒருத்தர் வர்றாராம்!"

ரொட்டி பாய்

பஷீர் பாய் சைக்கிளில் தகரப்பெட்டி கட்டிக்கொண்டு திருக்கழுக்குன்றம் ரோட்டில் ரொட்டி விற்பவர். ஒரு நாள் விடியற்காலையில் ஒரு லாரி தட்டிவிட்டது. வயலில் போய் விழுந்தவரை மாட்டுவண்டிக்காரர் ஒருவர் தூக்கிவந்து எங்கள் பெஞ்சில் கிடத்தினார். முழங்கால் பிளந்து கிடந்தது. ஆறு தையல். ஊசி குத்தக் குத்த மனுஷன் சிரிக்கிறார்! தினமும் அவர் சம்சாரம் கஞ்சி கொண்டுவரும், மூன்று பிள்ளைகளும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். பன்னிரண்டே நாளில் புண் மூடிக்கொண்டது.

"அந்த லாரிக்காரனைச் சும்மா விடக் கூடாது பாய்" என்று நான்தான் குதித்தேன். அவர் கையை ஆட்டினார். "அட வுடுக்கா, அவன் பிரேக்கு போட்டதாலதான் நான் உசுரோட கீறேன். அன்னிக்கு வயல்ல இருந்த காக்காய்ங்கதான் செதறின ரொட்டிய நல்லா நாஸ்தா துன்னுச்சுங்க!"

மாறாத நீலம்

இப்போது ஏகாம்பரம். மதுராந்தகத்துக்காரர். தோப்பில் சவுக்குக் கட்டை இடது பாதத்தைக் கிழித்துவிட்டது என்று பாய் வந்த அதே வாரம்தான் வந்தார். பாய்க்குக் காலையில் கட்டு, இவருக்குச் சாயங்காலம். பாய் கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய் ஒரு மாசம் ஆயிற்று, இவர் புண் மட்டும் அப்படியே சொதசொதவென்று இருந்தது. சர்க்கரையோ என்று மூத்திரத்தில் நீல மருந்தை விட்டுக் காய்ச்சிப் பார்த்தோம். நீலம் நீலமாகவே நின்றது, சர்க்கரை இல்லை. பென்சிலின் போட்டும் பார்த்தாயிற்று. "திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்போம். கறுப்பு ஏறினால் மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டியதுதான். விரலோடு நிற்குமா, பாதத்தையே எடுப்பார்களா, தெரியாது" என்றார் டாக்டர். கிளட்ச் மிதிக்கிற காலாயிற்றே!

கட்டுப் பிரிக்கும் முன் எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: "வூட்ல இன்னா சேதி?" இவர் தினமும் "ஒண்ணுமில்ல" என்பார். கண் குழி விழுந்து, டீயிலேயே உயிர் ஓடிக்கொண்டிருந்த ஆள். சனிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். "சொன்னாதான் கட்டு. இல்லன்னா நாம ரெண்டு பேரும் இப்பிடியே குந்திகினு இருப்போம்." வெளியே கூட்டம் கத்தியது. கத்தட்டும் என்று விட்டேன். அரை மணி கழித்து அவர் வாய் திறந்தது.

"ஒரு சைக்கிள்காரன அட்ச்சுட்டேம்மா. பயந்து தோப்புக்குள்ள ஓடினேன், அங்கதான் கட்ட கிழிச்சுது. திரும்பி வந்தா சைக்கிளும் ரொட்டிப் பெட்டியும்தான் கெடக்குது, ஆளக் காணோம். பொணத்த யாரோ தூக்கினு பூட்டாங்க, செத்துட்டான்மா. கண்ண மூடினா அந்த ரொட்டிங்கதான் தெரியுது."

ஒரே பெஞ்சு

ஓங்கி ஓர் அறை விடலாம் என்றிருந்தது. இரண்டு பேருக்கும் இதே கையால் கட்டுப் போட்டும், இரண்டு கதைக்கும் முடிச்சுப் போடத் தெரியாத என்னை என்ன செய்வது? "அவரு உசுரோட கீறாருய்யா!" என்றேன். சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பாயை வரச்சொன்னேன். "போலீஸ் விவகாரம், இங்கே வேண்டாம்" என்றார் டாக்டர். "பயம்தான் புண்ணை ஆறவிடலை. அது தப்புன்னா திங்கட்கிழமை நானே அவரை மெட்ராஸ் ரயிலேத்திட்டு வேலையையும் விட்டுடறேன் சார்" என்றேன். மனுஷர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

பாய் வந்தார். ஏகாம்பரம் முதலில் பார்த்தது நசுங்கிய தகரப்பெட்டியை, பிறகுதான் முகத்தை. பெஞ்சிலிருந்து சரிந்து, பாயின் முழங்கால் தழும்பைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். சிரிப்பார் என்று நான் நினைத்த பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "ஓடினியே நைனா, ஒரு வாய் தண்ணி குடுத்துட்டு ஓடக் கூடாதா?" பத்து நிமிஷம் விடாமல் திட்டினார். திட்டி முடித்துப் பெட்டியைத் திறந்து ஒரு ரொட்டியை நீட்டினார். ஏகாம்பரம் அழுதுகொண்டே தின்றார். அன்றைக்கே இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

திங்கட்கிழமை பயந்துகொண்டேதான் கட்டைப் பிரித்தேன். கறுப்பு இல்லை. ஓரத்தில் நூல் கனத்துக்குப் புதுச் சதை, சிவப்பாக. மெட்ராஸுக்கு எழுதிய சீட்டை டாக்டர் கிழித்துப் போட்டார். மருந்தை மாற்றவில்லை. புண் மூட மூன்று வாரம் பிடித்தது. மறுபடி லாரி ஏறுவதற்கு முன் ஏகாம்பரம் சொல்லிக்கொள்ள வந்தார். "உன் மருந்து நல்ல மருந்துதான் நர்சம்மா. ஆனா அந்த பாய் திட்டினாரு பாரு, அன்னிக்குத்தான் நான் தூங்கினேன்."

பென்சிலின்தான் ஆற்றியது என்று டாக்டர் கடைசிவரை சாதித்தார், நானும் மறுக்கவில்லை, ஆனால் அடுத்த வாரமே அவர் ஒரு நோயாளியிடம் குரலைத் தாழ்த்தி "வீட்டுல என்ன சேதி?" என்று கேட்டதை என் இரண்டு காதாலும் கேட்டேன்.