தோல் கொட்டகையில் ஆறு தேசங்கள்

சீமையில் தேசத் தலைவர்களெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து, இனிமேல் சண்டை வேண்டாம் என்று பேசப்போகிறார்களாம். டீச்சரம்மா பேப்பரைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான், ஆம்பூரில் எட்டாம் வகுப்புப் பெண்கள் ஏழு பேருக்குத் தலைகால் புரியவில்லை. நாமும் அப்படியொரு மாநாடு கூட்டி ஊர்ப் பெரியவர்களுக்குக் காட்டுவோம் என்று கிளம்பிவிட்டோம்.

நான் பிரான்ஸ். தேசப்படத்தில் விரல் வைத்துக் காட்டத் தெரியும், அதற்குமேல் அந்த ஊரைப்பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். இங்கிலாந்து யார் என்பதில் பேச்சே எழவில்லை, வகுப்பில் பூட்ஸ் வைத்திருந்தவள் ஒருத்திதான். மாநாட்டுத் தலைவி என் சிநேகிதி. தோல் பதனிடும் டேனரி முதலாளியின் மகள். திரை போட்ட வண்டியில் பள்ளிக்கு வந்து போவாள்.

அவளுக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள். அந்த மாசத்தோடு படிப்பு நிறுத்தம் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. பரீட்சைக்கோ இன்னும் நாலு மாசம் இருந்தது. "பரீட்சை எழுதிட்டாப் போதும்டி, அப்புறம் இன்னா வேணா பண்ணட்டும்" என்று அவள் அழுதபோது எனக்கு வந்த கோபத்தில் யாரையாவது கடித்திருப்பேன். அப்போது பிறந்ததுதான் அந்த யோசனை. மாநாட்டின் முடிவில் ஆறு தேசங்களும் சேர்ந்து, இந்தப் பெண்ணைப் பரீட்சை வரைக்கும் படிக்க விடவேண்டும் என்று ஒரு தீர்மானம் போடுவது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் அப்பா எந்த வாயால் மாட்டேன் என்பார்?

ஆனால் மாநாடு நடந்தால்தானே! பள்ளிக்கூட ஹாலுக்கு ஒரே வாசல். ஜெர்மனி முதலில் நுழைந்தால் இங்கிலாந்து வராது. இங்கிலாந்து முந்தினால் நான் வரமாட்டேன். இதே ரகளையில் டீச்சரம்மாவுக்குத் தலைவலி வந்துவிட்டது. கடைசியில் சிநேகிதிதான் வழி சொன்னாள்.

"எங்க தோல் காயப்போடற கொட்டகைக்கு வாங்க. அதுக்குச் செவுரே கெடையாது. எந்தப் பக்கமா வேணா எல்லாரும் ஒண்ணா நுழையலாம்."

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த மத்தியானம். வேலை ஓய்ந்து கிடந்த அந்தக் கொட்டகையை இப்போது நினைத்தாலும் நான் அங்கே நடந்ததாகத் தோன்றவில்லை, மிதந்ததாகத்தான் தோன்றுகிறது. தூணும் கூரையும் மட்டும். உயரத்தில் வரிசை வரிசையாக ஆட்டுத்தோல்கள், காற்று வரும்போதெல்லாம் மெல்ல ஆடின. இடுக்குகளில் வெயில் தேன் நிறத்தில் வழிந்தது. ஆவாரம்பட்டை வாசனையில் கண் சொருகிக்கொண்டு வந்தது. நடுவில் ஒரு வரிசைத் தோலைத் தாழ இறக்கித் திரையாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் ஆண்களும் நாங்களும், அந்தப் பக்கம் அவள் வீட்டுப் பெண்கள். அங்கிருந்துதான் அவள் தலைமை வகித்தாள்.

ஆறு தேசங்களும் ஆறு திசையிலிருந்து ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்தோம். தோலுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் எங்களை ஒவ்வொருவராகப் பேச அழைத்தது. அடேயப்பா, என்ன நிதானம்! சண்டை போட்டோம், சமாதானமானோம், சர்பத் குடித்தோம். உலகம் அவ்வளவு சுலபமாக இருந்தது. பிறகு நான் எழுந்து தீர்மானத்தைப் படித்தேன். முதல் நாற்காலியில் இருந்த அவள் அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஆறு கவர்மெண்டு சொல்லுது, நான் இன்னாத்த சொல்ல? ஒத்துக்கிட்டேன்."

கைதட்டல் அடங்குமுன் திரைக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது.

"யாரக் கேட்டு ஒத்துக்கிட்ட?"

அது அவருடைய அக்கா. தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அந்த அம்மாள் சொல்லாமல் அந்த வீட்டில் உலை ஏறாது. டேனரியே நடுங்கும் அந்த மனுஷர், "இல்ல ஆபா..." என்று அக்காவிடம் இழுத்தபடி உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த நாட்டுக்கு எந்த இடம் என்று நாள் கணக்கில் மல்லுக்கட்டிய நாங்கள், அந்த அம்மாளை ஜமக்காளத்தில் பத்தோடு பதினொன்றாக உட்காரவைத்திருந்தோம்.

என் சிநேகிதியின் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"கூட்டம் இன்னும் முடியல. ஒரு சர்க்காரக் கூப்பிடாம வுட்டுட்டோம். அவங்களுக்கு எடம் குடுங்க."

இங்கிலாந்து தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு திரையைச் சுற்றி ஓடியது. பின்னாலேயே நான் சர்பத்தோடு. அந்தப் பெரியம்மாள் உட்கார்ந்தார், சாவகாசமாகக் குடித்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா வேணும் ஒங்களுக்கு?"

"பரீட்ச வரைக்கும் இவ படிக்கணும்மா."

"பரீட்ச வரைக்கும். சரி. அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது."

ஜெயித்துவிட்டோம் என்று குதித்தோம் பாருங்கள், கொட்டகைப் புழுதியெல்லாம் வெயிலில் எழும்பியது. எங்களுக்கு அந்த வயதில் பரீட்சைதான் உலகத்தின் எல்லை. அதற்கு அப்பால் எதுவும் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை.

பெரியம்மாள் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு நாள்கூட அவளை வகுப்புக்கு அனுப்பாமல் இருந்ததில்லை. கடைசிப் பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் வண்டி நின்றது. பெரியம்மாளே வந்திருந்தார். சிநேகிதி ஏறி உட்கார்ந்தாள். வண்டியைப் பிடித்துக்கொண்டு நான் ஓவென்று அழுதேன். பெரியம்மாள் கை நீட்டி என் கன்னத்தைத் துடைத்தார்.

"ஏன் அழுவுற? கேட்டதக் குடுத்தேனா இல்லியா?"

"குடுத்தீங்கம்மா."

"ரொம்பக் கம்மியாக் கேட்டுட்டீங்க, புள்ளைங்களா. டீச்சர் படிப்பு வரைக்கும்னு கேட்டிருந்தாலும் அன்னிக்குக் குடுத்திருப்பேன்."

"இப்பக் கேக்கறேன்!" என்று கத்தினேன். "இப்பக் குடுங்க!"

"இப்ப நாள் குறிச்சாச்சேம்மா" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

 வண்டித் திரையை என் சிநேகிதியே இழுத்து மூடிக்கொண்டாள்.