அப்பா தொட்ட படம்

அந்தப் படம் பகிரும் செயலி இனி எல்லாருடைய போனிலும் வரும் என்று செய்தி வந்த அன்று, சென்னையில் எங்கள் ஆபீஸில் கேக் வெட்டாததுதான் குறை. அதுவரை விலை உயர்ந்த ஒரு போனில் மட்டும்தான் அது ஓடும். அந்தப் போன் வைத்திருந்த நாலு பேர் தின்ற தோசையைக்கூடச் சதுரமாகப் படம் எடுத்துப் போட்டு அலட்டிக்கொண்டிருந்தார்கள். இனி நாங்களும் போடுவோம் என்று மற்றவர்களுக்கு ஒரே குஷி. எனக்கு மட்டும் இல்லை. இனிமேல் வரப்போவது என் அண்ணன் வைத்திருந்த மாதிரிப் போனில்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு அக்கா வீட்டைவிட்டுப் போயிருந்தாள். ஆரணியில் எங்களுடையது பட்டு நெய்கிற தெரு. அவள் கட்டிக்கொண்டவர் சேவூர்ப் பக்கத்துக் காலனிக்காரர், செய்யாரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. ஜாதியைத் தவிர அவரிடம் ஒரு குறை சொல்லுங்கள் என்றால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பதில் இருக்காது. ஆனாலும் அண்ணன் ஒரு மாதம் கூட்டாளிகளோடு செய்யாருக்குப் போனான். ஷிப்டு விடும் நேரத்தில் நின்று, கம்பெனி பஸ்களில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவர் வேலையை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டார். அப்போது வண்டி சீட்டுக்கு அடியில் வைத்த இரும்புக் கம்பியை அண்ணன் பிறகு எடுக்கவே இல்லை. ரெயின்கோட் எடுக்க சீட்டைத் தூக்கும்போதெல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

அக்காவை நான் ஒரே ஒரு தடவை சந்தித்தேன், கலசப்பாக்கம் பஸ் ஸ்டாண்டில், பத்து நிமிஷம். ஆபீஸில் எனக்கும் அந்த விலை உயர்ந்த ரகத்தில் ஒரு புதுப் போன் கொடுத்திருந்தார்கள். அதே ரகத்தில் நான் வைத்திருந்த பழையதை அவளிடம் கொடுத்தேன்.

"நம்பர் குடுக்காத, எங்க கீறேன்னும் சொல்லாத" என்றேன். எனக்குத் தெரியாததை என்னை அடித்தாலும் வாங்க முடியாது அல்லவா?

அந்தச் செயலி மட்டும் போதும் என்று பேசிக்கொண்டோம். அவள் ஒரு படம் போட்டால் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். நான் ஒரு பொய்ப் பெயரில் அடியில் ஒரு வார்த்தை எழுதினால் வீட்டிலும் எல்லாரும் சுகம். எங்கள் தெருவில் யாரிடமும் அந்த விலைக்குப் போன் கிடையாது என்பதால், வெளியாட்கள் பார்க்க முடியாதபடி அவள் பக்கத்துக்குப் பூட்டு எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. அடுப்பைப் போடுவாள், ஜன்னலைப் போடுவாள், முறத்தில் காயும் மிளகாயைப் போடுவாள். முகத்தைப் போட மாட்டாள்.

பிறகு ஒரு நாள் ஒரு தூளி வந்தது. அரக்குச் சிவப்பில் பட்டுத் தூளி, அதற்கு வெளியே ஒரு சின்னப் பாதம். நான் ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அழுது முடித்த பிறகுதான் தூளி கட்டியிருந்த புடவையைக் கவனித்தேன். பார்டரில் அன்ன வரிசை. அந்த டிசைனுக்காகத் துளை போட்ட அட்டைகளைத் தறியில் மாட்டக் கோத்துக் கொடுத்தது நான். ஒரு அட்டையை இடம் மாற்றிக் கோத்துவிட்டேன், ஒவ்வொரு அன்னத்துக்கும் கழுத்தில் ஒரு வெட்டு விழுந்துவிட்டது. அப்பா கண்டுபிடிப்பதற்குள் பாதிப் புடவை ஓடியிருந்தது. வியாபாரி வேண்டாம் என்று சொல்லிவிட, அது அக்காவுக்கு ஆயிற்று. அதைக் கட்டிக்கொண்டுதான் அவள் போனாள். அப்படி இன்னொரு புடவை கிடையாது. போதாததற்கு அடியில் 'ஆரணிப் பட்டு' என்று எழுதியிருந்தாள். தன் பெயரை மறைக்கத் தெரிந்தவளுக்கு, நெய்கிற வீட்டில் பிறந்துவிட்டு ஒரு புடவையை ஊர் பேர் சொல்லாமல் காட்டத் தெரியவில்லை.

செய்தி வந்த அன்றே அவள் படத்துக்கு அடியில் 'கதவைச் சாத்து' என்று எழுதினேன். 'மூஞ்சியே இல்ல, யாரு வரப்போறா?' என்று ஒரு சிரிப்பு முகத்தோடு பதில் வந்தது. சின்ன வயதிலிருந்து என் பேச்சை அவள் கேட்டதே கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அண்ணன் போனை நீட்டினான். "இதுல அந்தப் படம் போடுறத ஜல்தியா ஏத்திக் குடு. கடைக்காரங்கல்லாம் இனிமே அதுலதான் பொடவ காட்டுறாங்களாம்."

மறுத்தால் ஏன் என்பான். ஏற்றிக் கொடுத்தேன். அவன் முதலில் தேடியதே ஆரணிப் பட்டு.

அப்பா தறியில் உட்கார்ந்திருந்தார். புடவையைப் பார்த்து அது யாருடைய தறி என்று சொல்வதில் எங்கள் தெருவிலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவர் சொல்லித் தப்பானதாக நான் கேள்விப்பட்டதில்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகக் காட்டினான்.

"இது யாருது, நைனா?"

"மேலத்தெரு. பெரியவன் கை."

"இது?"

"சேவூரு. ஊட நூல இறுக்கி அடிக்கிறான் பாரு."

அண்ணன் விரலால் தள்ளத் தள்ள நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் கொண்டுவரவா என்று கேட்டேன். கரண்ட் போகக் கூடாதா, யாராவது கதவைத் தட்டக் கூடாதா என்று இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. தூளி வந்தது.

"இந்த அன்னத்த எங்கியோ பாத்த மாதிரி கீதே" என்றான் அண்ணன்.

அப்பா அதுவரை போனைத் தொடவில்லை. இப்போது வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். புடவை பார்க்கிறவர்கள் கண்ணை மட்டும் நம்ப மாட்டார்கள், பெருவிரலால் தொட்டுத்தான் முடிவு சொல்வார்கள். அவரும் தொட்டார், பார்டரை அல்ல, அந்தப் பாதத்தை. இரண்டு தடவை, மெதுவாக, குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. போனில் படத்துக்கு மேலே ஒரு வெள்ளை இதயம் பூத்து மறைந்தது.

"தொட்டா துணி கைக்கு வருமா, நைனா?" என்று அண்ணன் சிரித்தான்.

அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார். "இது ஆரணியே இல்ல. பவர்லூம் சரக்கு. எவனோ நம்ம ஊர் பேரப் போட்டு ஏமாத்துறான். அடுத்தத காட்டு."

தன் கையால் நெய்ததையே அவர் அப்படிச் சொன்னார். அண்ணன் நம்பிவிட்டான். ஆனால் அந்த இதயம் என்னவென்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு தடவை தொட்டால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். படம் போட்டவளுக்கு உடனே தகவல் போகும், அதுவும் போன் யாருடையதோ அவர் பெயரில். அக்காவின் போனில் இந்நேரம் அண்ணன் பெயர் வந்திருக்கும்.

ஏதோ செட்டிங் பார்ப்பதாகச் சொல்லிப் போனை வாங்கி, இதயத்தை எடுத்துவிட்டேன். என் போனிலிருந்து அவளுக்கு, 'பயப்படாதே, அது அப்பா' என்று எழுதப் போனேன். எழுதுவதற்கு அவள் பக்கமே இல்லை, அழித்துவிட்டிருந்தாள். தூளி இல்லை, அடுப்பு இல்லை, மிளகாய் இல்லை. கைக்குழந்தையை அள்ளிக்கொண்டு இந்நேரம் எந்த பஸ்ஸில் ஏறியிருப்பாள் என்று நினைத்தேன். அவளைத் தேட எனக்கு ஒரு நம்பர்கூட இல்லை. அதை வேண்டாம் என்றவளே நான்தான்.

அண்ணன் இப்போதும் தினமும் ஆரணிப் பட்டு என்று தேடுகிறான். வியாபாரத்துக்கு என்கிறான். அந்த அன்னம் ஏன் மறுபடி வரவில்லை என்று ஒரு தடவை என்னிடமே கேட்டான்.

போன மாதம் அவன் வெளியே போயிருந்தபோது அப்பா என்னைத் தறிப் பக்கம் கூப்பிட்டார்.

"பாப்பா, அன்னிக்கி தூளி ஒண்ணு வந்துச்சே, அத இன்னொரு தரம் காட்டுறியா?"

"அத எடுத்துட்டாங்க, நைனா."

அவர் தன் பெருவிரலைப் பார்த்தார்.

"நான் தொட்டதால இன்னாவாச்சும் ஆயிடுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவல" என்றேன்.