போறணைக்குள் பன்னிரண்டு முட்டை

என் மனைவி அனோஜினி உண்மையில் ஆசைப்பட்டது பச்சோந்திக்கு. அதுவும் விரல் நீளமேயுள்ள குள்ளப் பச்சோந்தி. ஏதோ ஒரு வீடியோவில் அது ஒரு கண்ணால் மேலேயும் மற்றக் கண்ணால் கீழேயும் பார்த்துக்கொண்டு குச்சியில் நடந்ததாம். அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. நல்ல காலத்துக்கு, அவுஸ்திரேலியாவில் வீட்டில் பச்சோந்தி வளர்ப்பது சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தை எழுதிய மனிதர் யாரென்று தெரிந்திருந்தால் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு விருந்தே வைத்திருப்பேன். என் சந்தோஷம் ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை. இந்த நாட்டுக்கே உரிய குள்ள ஓணான் ஒன்று உண்டு, பிக்மி ட்ராகன் என்று பெயர், உரிமம் எடுத்தால் அதை வளர்க்கலாம் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

நாங்கள் மன்னார் ஆட்கள். மெல்பேர்னுக்கு வந்து இருபது வருடம், வீடு ரோவிலில். நான் கொட்பிறி, பஸ் ஓட்டுகிறேன். அனோஜினிக்கு ஓர் ஆஸ்பத்திரியில் வேலை, சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பகுதியில். எந்தத் தட்டு எத்தனை பாகையில் எத்தனை நிமிடம் இருந்தது என்று நாள் முழுக்க எழுதிக்கொண்டிருப்பவள். வீட்டிலும் அதே குணம்தான். கறிக்கு உப்புப் போடும்போது மட்டும் கண்மதிப்பு.

ஓணான்கள் சோடியாக வந்திறங்கின. ஆணுக்குத் துரை என்றும் பெண்ணுக்கு ராசாத்தி என்றும் பெயர் வைத்தாள். என் டீவி இருந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டி, அதற்கு மேலே இரண்டு விளக்கு. டீவி படுக்கையறைக்குப் போனது. ஸ்பிரிங்வேல் சந்தைக்குப் போனால் முதலில் அதுகளுக்குக் கீரை, பிறகுதான் எனக்கு மீன். உயிரோடு சில்வண்டும் வாங்க வேண்டும். ஒருநாள் சில்வண்டுப் பெட்டி கைதவறிக் கொட்டுண்டு, இரண்டு கிழமையாக நாங்கள் செபமாலை சொல்லும் நேரமெல்லாம் கதிரைக்குக் கீழேயிருந்து அதுகளும் சேர்ந்து கத்தின. நான் சத்தம் போட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிட்னியில் வேலை செய்கிற எங்கள் மகன் நிஷான்கூட போன் எடுத்தால் கேட்பது ராசாத்தியின் சுகத்தைத்தான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ராசாத்தி சில நேரம் முன்னங்கையைத் தூக்கி மெல்ல ஆட்டும். அந்த இனத்தின் பழக்கம் அது. வேலையால் களைத்து வருபவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அதற்கு முன்னால் குந்தியிருந்து தானும் கையாட்டுவாள். இவள் ஆட்ட அது ஆட்ட, முகமெல்லாம் சிரிப்பாக இருப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே ஓணானைப் பொறுத்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராசாத்தியின் குஞ்சுகளைக் காண வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. முதல் வருடம் இட்டதெல்லாம் கூழ்முட்டை. இரண்டாம் வருடம் ஈரம் போதாமல் காய்ந்து சுருங்கிவிட்டன. அதற்காக மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் திரிந்தாள். மூன்றாம் வருடம் மிருக வைத்தியர் சொல்லிவிட்டார், ராசாத்திக்கு வயது போகிறது, இனி முட்டையிட விடுவது அதன் உடம்புக்குக் கூடாது, இதுதான் கடைசி என்று. அந்த ஒக்டோபரில் ராசாத்தி பதினான்கு முட்டை இட்டது. இரண்டு பழுதாகிப் போக மிச்சம் பன்னிரண்டு. ஓணான் முட்டையைப் புரட்டக் கூடாதாம். மேற்பக்கம் தெரிய ஒவ்வொன்றிலும் பென்சிலால் புள்ளி வைத்து, மண் போன்ற ஈரமான துகளுக்குள் பாதி புதைத்து, மூடியுள்ள பெட்டியில் அடுக்கினாள். பெட்டி பொரிப்பு மெசினுக்குள் போனது. இருபத்தொன்பது பாகைச் சூட்டில் இரண்டு மாதம்.

கிறிஸ்மசுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது மெசின் செத்துப் போனது. புதிது ஓடர் பண்ணினால் ஜனவரியில்தான் வரும் என்றார்கள். அனோஜினி குசினிக்குள் இரண்டு தரம் அங்குமிங்கும் நடந்தாள். பிறகு கேக் சுடுகிற போறணைக்கு முன்னால் நின்றாள். இங்கே கோடையிலும் இரவுக் குளிருக்கு மா புளிக்காதென்று, தமிழ் வீடுகளில் தோசை மாவைப் போறணைக்குள் வைத்து அதன் சின்ன லைட்டை மட்டும் போட்டுவிடுவோம். அந்த லைட்டின் சூடு எவ்வளவென்று வெப்பமானி வைத்துப் பார்த்தாள். இருபத்தொன்பது. மாச்சட்டி வெளியே வந்தது, முட்டைப் பெட்டி உள்ளே போனது.

நான் என்ன செய்வது? எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் கேக் அடிப்பவன் நான். ஒரு மாதமாகப் பழமெல்லாம் பிராந்தியில் ஊறிக்கொண்டிருக்கிறது. ஓணானுக்காகக் கேக்கை விடுவதா என்று குதித்தேன். அவள் எதிர்வீட்டு வைதேகியிடம் போய், கேக்கை அவர்களுடைய போறணையில் வைக்கக் கேட்டுவிட்டு வந்தாள். விருந்தாட்கள் யாரும் தொட்டுவிடக் கூடாதென்று, முட்டை உண்டு தொடாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதி எங்கள் போறணைக் கதவில் ஒட்டியவன் நானேதான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்குப் போய்விட்டாள். நான் ரேடியோவைப் போட்டுவிட்டுக் கேக் அடிக்கத் தொடங்கினேன். கை துடைக்கிற துணியைப் போறணைக் கதவில், அந்த எழுத்துக்கு மேலேயே தொங்கப் போட்டிருக்கிறேன். வெண்ணெய், சீனி அடித்து, முட்டை உடைத்தேன். ஆறாவது முட்டையைக் கையில் எடுத்தபோதுதான் முதுகில் சூடு பட்டது. இருபது வருடப் பழக்கம், வெண்ணெயை எடுக்கும்போதே என் கை தன்பாட்டில் போறணையைத் திருகி நூற்றைம்பதில் விட்டிருந்தது.

ஐயோ என்று பாய்ந்து கதவைத் திறந்தேன். பெட்டி வெளியே எடுக்கும்போது சுட்டது. உள்ளே கிடந்த வெப்பமானியில் முப்பத்தாறு. பெட்டியை ஆடாமல் மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றேன். இலக்கம் இறங்க இறங்கத்தான் எனக்கு மூச்சு வந்தது. போறணை நன்றாக ஆறிய பிறகு பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்தேன். மாலை அவள் வந்து, கேக் சரியா என்று கேட்டாள். சரி என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.

அடுத்த ஒன்பது நாளும் நான் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும். பஸ்ஸில் இறங்க வேண்டியவர்கள் மணி அடித்தும் நிற்பாட்டாமல் போய் ஏச்சு வாங்கினேன். மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். ஓணான் முட்டைக்கு நேர்த்தி வைத்த முதல் மன்னாரான் நானாகத்தான் இருப்பேன். அவளோ வழக்கம்போலக் காலையும் மாலையும் சூட்டைப் பார்த்து எழுதினாள், பாட்டுப் பாடினாள், பலகாரம் சுட்டாள்.

கிறிஸ்மசுக்கு இரண்டு நாள் முன்னர், விடிந்து சற்று நேரத்தில், குசினியிலிருந்து கூப்பிட்டாள். ஓடினேன். போறணை திறந்திருந்தது, அவள் நிலத்தில் குந்தியிருந்தாள். ஒரு முட்டையில் கீறல். அதற்குள்ளிருந்து கடலைப் பருப்பளவு தலையொன்று வெளியே நீட்டி, மூக்கில் ஒரு துளி நீரோடு எங்களைப் பார்த்தது. நானும் பக்கத்தில் இருந்துவிட்டேன். இரண்டு பேரும் வேலைக்கு லீவு சொன்னோம். பின்னேரத்துக்குள் பதினொன்று. சின்ன விரலில் பாதிகூட இல்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் நகம், இமை, தாடி எல்லாம் இருந்தது. என் உள்ளங்கையில் ஒன்றை வைத்தாள். அது அசையாமல் என்னை முறைத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்க முடியவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பன்னிரண்டாவது முட்டை மட்டும் மஞ்சளாகி அமுங்கிக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அனோ, இந்த ஒண்டு என்னாலதான் பழுதாப் போச்சு. நீர் வேலைக்குப் போன அண்டைக்கு நான் மறந்துபோய்ப் போறணையைப் போட்டிட்டன்."

அவள் குஞ்சுகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும். வெப்பமானியில ஆகக் கூடின சூடு எவ்வளவெண்டு பதிஞ்சிருக்கும். அண்டைக்குப் பின்னேரமே பாத்திட்டன். இந்த முட்டை அதுக்கு முன்னமே மஞ்சள்."

தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை ஏசவில்லை என்று கேட்டேன். ஒன்றுகூடப் பொரிக்காமல் விட்டிருந்தால் என்ன செய்திருப்பீர் என்றும் கேட்டேன்.

"இந்த முறையும் கூழ்முட்டை எண்டு சொல்லியிருப்பன். உங்களுக்கென்ன, நம்பியிருப்பீங்கள்."

அனோஜினிக்குப் பொய் சொல்லவே வராது என்று நான் இருபத்துமூன்று வருடமாக எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவன். தன் கடைசி முட்டைகளை அவித்த மனிதனுக்காக அவள் ஒன்பது நாளாக ஒரு பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியிருக்கிறாள். குசினி நிலத்தில், கையில் ஓணான் குஞ்சோடு, நான் விம்மி விம்மி அழுதேன்.