பாதை முடியும் இடத்தில் கடல்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. லண்டனில், பிளேஸ்டோவில் அண்ணை வீட்டில் இருந்துகொண்டு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். அகதியாக வந்து பத்து வருடம் கழித்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. மற்றவர்கள் கனடாவிலிருக்கும் சொந்தங்களைப் பார்க்கப் போனார்கள். நானோ நூலகத்து வரைபடமொன்றில், அவுஸ்திரேலியாவின் வடமேற்கில், பாலைநிலத்தின் ஊடாக ஓடிக் கடலில் முடியும் மண்பாதையைப் பார்த்துவிட்டேன்.

"தங்கச்சி, உனக்கென்ன விசரே? அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்றார் அண்ணை.

"ஒருத்தரும் இல்லை. அதுதான் போறன்."

"அந்த மணலுக்குள்ள தனியக் கார் ஓட உனக்கு ஏலாது."

டிரைவிங் டெஸ்டில் நான் மூன்று தரம் தவறியதை அவர் மறக்கவில்லை. நான்காம் தரம் பாஸ் பண்ணியதுதான் அவருக்கு நினைவில் நிற்கவில்லை.

அந்தக் கரை அங்கத்தைய ஆதிக்குடிகளின் நிலம். அவர்களுடைய அலுவலகத்துக்குக் கடிதம் போட்டேன். ஆறு கிழமை கழித்து, 'வரலாம்' என்ற பதிலோடு கையால் வரைந்த ஒரு வரைபடம் வந்தது. போகக்கூடாத இரண்டு புனித இடங்களை வட்டமிட்டிருந்தார்கள். எத்தனையோ அலுவலகங்களில் அனுமதிக்காக நின்றிருக்கிறேன். மண்ணுக்குரியவர்களிடமே கேட்டு, இவ்வளவு இலகுவாக 'வா' என்ற பதிலை வாங்கியது அதுதான் முதல் தடவை.

அவுஸ்திரேலியாவில் போய் இறங்கிய மறுநாள், வாடகை ஜீப்பில் விடியவே புறப்பட்டேன். பாதி வழியில் சில்லுகள் செம்மணலில் புதைந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மனிதர்கூட இல்லை. கொஞ்சம் அழுதேன். பிறகு இறங்கி, ஜீப் தந்தவர் சொல்லியிருந்தபடி டயர்களில் காற்றைக் குறைத்தேன். சாப்பாட்டுத் தட்டால் மணலைத் தோண்டினேன். மூன்றாவது முயற்சியில் ஜீப் உறுமிக்கொண்டு மேலே ஏறியது. நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிவிட்டது.

பாதையின் முடிவில் ஒரு தகரக் கூரை அலுவலகம். அதை நடத்திக்கொண்டிருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். என் அனுமதிக் கடிதத்தை வாசித்துவிட்டு ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"கூட யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யாருமில்லை."

"மணலில் புதையவில்லையா?"

"புதைந்தது. நானே எடுத்தேன்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிப்போனார். "இது என் அம்மாவின் ஆட்களுடைய கடல். இந்தப் பக்கம் குளி. அந்தப் பக்கம் முதலை."

சிவந்த மேடுகள் வெள்ளை மணலில் இறங்க, அதற்கப்பால் நீலம். சட்டையோடேயே தண்ணீருக்குள் ஓடினேன்.

தலை ஈரத்தோடு அலுவலகத் தொலைபேசியில் லண்டனுக்கு அழைத்தேன்.

"அண்ணை, வந்து சேர்ந்திட்டன்."

"கார் ஆர் ஓடினது?"

"நான்தான்."

அவர் வீட்டுக்குள் திரும்பி அண்ணியிடம் உரக்கச் சொல்வது கேட்டது: "இஞ்சேர், தங்கச்சி தனியவே கார் ஓடிப் போய்ச் சேர்ந்திட்டாள்!"

அந்தக் கரையில் இன்னும் நான்கு நாட்கள் இருந்தேன்.