அத்தை பிடித்த கண்ணாடி

காரின் பின்கதவுக் கண்ணாடியை இரண்டு உள்ளங்கைகளாலும் இருபுறமும் அணைத்துப் பிடித்தபடி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார். அத்தை என்றால் என் மாமியார். கை வலிக்கிறதா என்று கேட்டதற்கு முறைத்தார். தோவாளைச் சந்தையில் பூ மொத்த வியாபாரம் செய்த கை அது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகும் அந்தக் கையில் பிடிவாதம் மட்டும் குறையவில்லை.

என் வீட்டுக்காரர் வளைகுடாவில், கார்களுக்குக் கதவும் கண்ணாடியும் மாற்றுகிற ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறார். இங்கே எங்கள் பழைய காரை ஓட்டுவது நான். டயாலிசிஸ் நாட்களில் அத்தையைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புவேன். சந்தையைத் தாண்டும்போது அத்தைக்குக் கண்ணாடி பாதி இறங்கியிருக்க வேண்டும். பழைய ஆட்கள் யாராவது ஓடிவந்து ஒரு கை பிச்சிப்பூவை உள்ளே நீட்டுவார்கள். வீடு வந்ததும், அந்தப் பாதிக் கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துத் தொங்கித்தான் இறங்குவார். கதவில் பிடி இருக்கிறது, முன்சீட்டைப் பிடிக்கலாம், பக்கத்தில் குத்துக்கல் மாதிரி நான் நிற்கிறேன். அவருக்குக் கண்ணாடிதான் தோது. எத்தனை கத்தினாலும் கேட்டதில்லை.

கடைசியில் கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. கைப்பிடியைச் சுற்றினால் கோணலாக ஏறி, பின்மூலையில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி விட்டு நின்றுவிடும். மழையில் ஒழுகியது. அதைவிட மோசம் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்றைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார் கொஞ்சம் வேகமெடுத்ததும் அந்த இடைவெளியில் விசில் கிளம்பும். டயாலிசிஸ் முடிந்து நடுங்கிக்கொண்டு வருகிற மனுஷி, காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, அப்படியும் பேசிக்கொண்டே வருவார். அத்தையின் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பூ விலை, பங்காளி வீட்டு வம்பு என்று எதையோ சொல்கிறார் என்று நினைத்து, நான் ரோட்டைப் பார்த்தபடியே “சரி அத்தே, சரி” என்று தலையாட்டுவேன்.

மெக்கானிக்கிடம் விட்டால் எப்போது திரும்பக் கிடைக்குமோ, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேண்டுமே என்றுதான் நாங்களே வேலையில் இறங்கினோம். வீட்டுக்காரர் வீடியோ காலில் வந்தார். கதவின் உள்ளட்டையை எப்படிக் கழற்ற வேண்டும் என்பதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். கண்ணாடியைத் தாங்குகிற பட்டியின் போல்ட்டுகளை லூசாக்க வேண்டும், முழுக்கக் கழற்றக் கூடாது. கண்ணாடியை மேலே ஏற்றி ரப்பருக்குள் நேராக உட்கார வைத்து, யாராவது அசையாமல் பிடித்துக்கொண்டால்தான் முறுக்க முடியும். ஒற்றை ஆளுக்கு ஆகிற வேலை இல்லை. பக்கத்து வீட்டில் ஆள் கூப்பிடப் போன என்னை அத்தைதான் தடுத்து, “நான் பிடிக்கேன்” என்றார்.

போல்ட்டை முறுக்க முறுக்கக் கண்ணாடி நழுவப் பார்க்கும். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தார். நேராக நிற்கிறதா என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, பின்பக்கம் இன்னும் ஒரு நூல் ஏற வேண்டும் என்று அத்தை கண்ணாலேயே அளந்து சொன்னார். போன் திரையில் மகன் சிரிப்பதை அத்தை வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததும், “கண்ணாடியப் பாருங்க” என்று நான் அதட்டியதும் நினைவிருக்கிறது. பிறகு ஏற்றி இறக்கிப் பார்த்தோம். உறுத்தாமல் போய் ரப்பருக்குள் உட்கார்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த முறை நெய்யூரிலிருந்து திரும்பும்போது காருக்குள் அப்படி ஓர் அமைதி. பார்வதிபுரம் தாண்டியதும் அத்தை துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

“மக்கா, அவன் என்ன சொன்னான்?”

எதைப் பற்றி என்று எனக்கு விளங்கவில்லை.

“எனக்க சாவுக்கு எடுக்குத லீவ இப்பமே எடுத்துட்டு வரச் சொன்னேன்லா. நான் கண்ணு முழிச்சிருக்கும்போ வரட்டும். செத்த பொறவு அவனுக்காவ என்னைய அந்தப் பெட்டியில போட்டு வைக்காண்டாம். நீயும் சரி, சரின்னு தலையாட்டினியே.”

எங்கள் பக்கத்தில் அந்தப் பெட்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. தெருவில் ஃப்ரீசர் பெட்டி வந்து இறங்கினால், அந்த வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான் என்று அர்த்தம். விமானம் வந்து சேரும்வரை பெற்றவர்கள் குளிரில் கிடப்பார்கள். டயாலிசிஸ் குளிரையே தாங்காத அத்தைக்கு அதுதான் பயம். ஆனால் அதைவிடப் பெரிய வேதனை ஒன்று இருந்தது. நான் சொல்லிவிட்டேன், மகன்தான் வர மாட்டேன் என்கிறான் என்று நினைத்து, இத்தனை நாளும் அதையும் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவருக்கு ஒன்றுமே தெரியாது அத்தே, காற்றில் எனக்குக் கேட்கவே இல்லை என்று சொல்லும்போது அழுதுவிட்டேன். அத்தை அழவில்லை. அப்படியென்றால் இப்போதே போனைப் போடு என்றார்.

ஆவணி முடிவதற்குள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். அந்த வருஷத்து லீவு முழுவதும் அம்மாவோடுதான் இருந்தார். காரை அவரே ஓட்டினார், அத்தைக்கு முன்சீட்டு. ஒரு நாள் பேச்சிப்பாறை அணைவரை கூட்டிப்போனார். நான் பின்னால் உட்கார்ந்து, இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசுவதைக் கேட்டுக்கொண்டு போனேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மார்கழியில் அத்தை போய்விட்டார். லீவு முடிந்து திரும்பிப் போயிருந்த வீட்டுக்காரருக்கு மறுபடி உடனே லீவு கிடைக்கவில்லை. போராடினால் இரண்டு நாள் கழித்து வரலாம் என்ற நிலைமை. அதற்குள் சொந்தக்காரர்கள் பெட்டிக்குச் சொல்லி, அது வாசலில் வந்து இறங்கியும் விட்டது. வேண்டாம், திருப்பி அனுப்புங்கள் என்று நான் குறுக்கே நின்றேன். மருமகளுக்கு என்ன அவசரமாம் என்று காதுபடவே பேசினார்கள். மகன் முகம் பார்க்காமல் எடுக்கவா என்று அத்தையின் அண்ணன், பெரிய மாமா, என்னிடம் கோபமாகக் கேட்டார். நான் வீட்டுக்காரருக்கு போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன்.

பெரிய மாமா போன் பக்கம் குனிந்து அதையே அவரிடமும் கேட்டார். வீட்டுக்காரர் சொன்னார்:

“நான் பாத்துட்டுதான் மாமா வந்தேன். எடுங்க.”