கையா கீபோர்டா

சமையலர் தாக் யாங்மி வெங்காயத்தாள் நறுக்குவதைப் பார்ப்பதற்காகவே சில நாள் எங்கள் பள்ளிச் சமையற்கூடத்தின் பின்வாசலில் போய் நின்றிருக்கிறேன். கத்தி பலகையைத் தொடும் சத்தத்தில் ஓர் இடைவெளிகூட மற்றொன்றைவிட நீண்டிருக்காது. எண்ணூற்று அறுபது பிள்ளைகளுக்கு ஆறு பெண்கள் சமைக்கிறார்கள். எண்ணெய்ப் புகையை வெளியே தள்ள வேண்டிய விசிறி மூன்றாண்டாக இருமிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண்களும் இருமுகிறார்கள். விசிறிக்கு மனுக் கொடுத்தால் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரும். போன ஆண்டு இக்சான் நகரப் பள்ளிகளில் எங்கள் சாப்பாட்டுக்கு முதலிடம் கிடைத்தது. பள்ளி இதழில் புதிதாக வாங்கிய நீராவி அடுப்பின் படத்தைப் போட்டு, அதுதான் காரணம் என்று எழுதினார்கள். குழம்பில் ஒரு முடி கிடந்தால் மட்டும் அடுப்பைக் கேட்பதில்லை, சமைத்தவளைக் கூப்பிடுகிறார்கள்.

நான் அதே பள்ளியில் அறிவியல் ஆசிரியன். யாங்மியை எனக்கு நன்றாகத் தெரிந்தது பள்ளியில் அல்ல, பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில் இருக்கும் 'நீலத் திமிங்கிலம்' என்ற பிசி பாங்கில், அதாவது மணிக்கணக்கில் காசு கொடுத்துக் கணினி விளையாடும் கடையில். நான்கு மணிக்குச் சமையற்கூடம் கழுவி முடியும். நாலரைக்கெல்லாம் தலைமுடி ஈரத்தோடு அங்கே வந்துவிடுவாள். ஒரு மணி நேரம், அதற்குமேல் இல்லை. அவள் சமைத்ததைத் தின்றுவிட்டு வந்த பிள்ளைகளே பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்து சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

"சித்தி, நாளைக்கு என்ன சாப்பாடு?"

"உன் மூஞ்சிக்கு முள்ளங்கிச் சூப்பு."

"ஐயோ, மறுபடியுமா?"

"திங்கிறப்ப மட்டும் ரெண்டு தடவ வரிசையில நிக்கிற. போடா, உன் துப்பாக்கியப் பாரு."

அவள் ஆடுவது தாள விளையாட்டு. திரையின் மேலிருந்து ஏழு தடங்களில் சின்னச் சின்னக் கட்டைகள் விழும். பாட்டின் அடி எங்கே விழுகிறதோ அதே கணத்தில் அந்தத் தடத்துக்குரிய விசையை அடிக்க வேண்டும். இருபது வயதில், ஊரெல்லாம் இந்தப் பைத்தியம் பிடித்திருந்த காலத்தில், கற்றுக்கொண்டாள். பிறகு கல்யாணம், ஒரு பெண், ஒரு விவாகரத்து. பதினாறு ஆண்டு கழித்து மறுபடி உட்கார்ந்தபோது விரல்கள் ஒன்றையும் மறக்கவில்லை என்று அவளே வியந்து சொல்லியிருக்கிறாள்.

அந்தக் கடையில் எல்லோருக்கும் பெரிய சவால் 'ஆலங்கட்டி' என்ற பாட்டு. இரண்டு நிமிடம் பதினோரு நொடி. இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு அடி. ஒன்றுகூடத் தவறாமல் முடித்தவர் கடையில் யாருமில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் வெள்ளைப் பலகையில் இரண்டு ஆண்டாக முதல் பெயர் சாகோங் ஹியோக். இருபத்தாறு வயது, பல்கலைக்கழக மாணவன். தன் சொந்த விசைப்பலகையைப் பஞ்சு வைத்த பெட்டியில் கொண்டுவருவான். விசைக்கு அடியில் காந்தம் இருக்கும் ரகம். விரல் நினைத்தாலே பதிந்துவிடும் என்பான். அவனுக்கும் நான்கு அடி தவறியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை யாங்மி அந்தப் பாட்டை ஒன்றுகூடத் தவறாமல் அடித்துவிட்டாள். கத்தவில்லை, எழுந்திருக்கவில்லை. திரையைப் பார்த்து, "ஓ" என்றாள். சுட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள்தான் கத்தினார்கள்.

கடை முதலாளி மியோங் ஓடிவந்து பார்த்துவிட்டு அவள் பெயரைப் பலகையில் முதலில் எழுதினார். மறுநாள் ஹியோக் வந்தான். அவள் உட்கார்ந்த முப்பத்தொன்றாம் இருக்கையைக் குனிந்து பார்த்தான்.

"முதலாளி, இது புது கீபோர்டு இல்ல?"

"ஆமா தம்பி. நல்லா இருக்கான்னு பாக்க ஒண்ணே ஒண்ணு வாங்கிப் போட்டேன்."

"காந்த கீபோர்டு! அப்ப அடிச்சது ஆன்ட்டி இல்ல, கீபோர்டு. பேருக்குப் பக்கத்துல சந்தேகம்னு காட்ட ஒரு நட்சத்திரம் போடுங்க. ஜொன்ஜு போட்டிக்கு யார அனுப்புறதுன்னு அப்புறம் பேசலாம்."

இதுதான் விஷயம். அந்த மாதக் கடைசியில் மாகாணத்துக் கடைகள் சேர்ந்து ஜொன்ஜுவில் போட்டி நடத்துகின்றன. கடைக்கு ஒரே ஆள், பலகையில் முதல் பெயர். மியோங் கெட்டவரல்ல, சண்டை பிடிக்காதவர். நட்சத்திரத்தைப் போட்டுவிட்டார்.

நான் குறுக்கே புகுந்தேன். "ஏம்பா, நீ ரெண்டு வருஷமா அதே காந்தத்துலதானே அடிக்கிற? உன் பேருக்குப் பக்கத்துல நட்சத்திரம் எங்கே?"

"எனக்குத் திறமை இருக்கு சார். கருவி அதைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுது. அவங்க கதை வேற."

எப்படி வேறு? அவன் ஜெயித்தால் திறமை. பள்ளிச் சமையல்காரி ஜெயித்தால் கருவி. நீராவி அடுப்பின் படம் போட்ட அதே மூளைதான், வேறொரு தலையில்.

அவளிடம் போய் இதைச் சொன்னபோது அவள் சொன்ன பதில் என்னைத் திடுக்கிட வைத்தது.

"எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு சார். ஒரு மாசமா அந்த சீட்டுலதான் அடிக்கிறேன். முன்ன எப்பவும் பத்து அடியாவது போகும். ஒருவேளை அவன் சொல்றது நெஜமா இருந்தா? எனக்கு ஜொன்ஜு போகணும், ஆனா கீபோர்டுக்குத் துணையாளாப் போக வேண்டாம்."

சந்தேகம் வந்தால் சோதிக்க வேண்டும். கெஞ்சுவதும் சத்தியம் செய்வதும் எதையும் நிரூபிப்பதில்லை. சனிக்கிழமை மத்தியானம் என்று பேசி முடித்தோம். அவள் அதே பாட்டை எட்டாம் இருக்கையின் ரப்பர் விசைப்பலகையில் அடிக்க வேண்டும். கடையிலேயே பழையது அது. எழுத்துகள் தேய்ந்து, மேலே ராம்யொன் நூடுல்ஸ் குழம்பு காய்ந்திருப்பது. அங்கேயும் தவறாமல் அடித்தால் நட்சத்திரம் அழியும், போட்டிக்கு அவள். இல்லாவிட்டால் ஹியோக்.

சனிக்கிழமை கடை நிறைந்துவிட்டது. யாங்மி எட்டாம் இருக்கையில் தன் கணக்கைத் திறந்து உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கியது. பத்து நொடிக்குள் ஏதோ சரியில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒவ்வோர் அடிக்கும் திரையில் 'தாமதம்', 'தாமதம்' என்று சிவப்பாக மின்னிக்கொண்டே இருந்தது. கடைசியில் மதிப்பெண், புதிதாகப் பழகுகிறவன் எடுப்பதைப் போலப் பாதாளத்தில் கிடந்தது.

ஹியோக் கைதட்டினான். "போதுமா சார்? அறிவியல் பேசிருச்சு. ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க, உங்க மண்டு கொழுக்கட்டை ரொம்ப நல்லா இருக்கும்னு என் தம்பி சொல்வான்."

பிள்ளைகள் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குத் தரையைப் பிளந்து உள்ளே போகலாம் போல் இருந்தது. சோதனையைக் கேட்டவன் நான்தானே.

யாங்மி எழுந்திருக்கவில்லை. முடிவுத் திரையையே உற்றுப் பார்த்தாள். "சத்தம் போடாதீங்கப்பா கொஞ்சம்" என்றாள். பிறகு மெல்ல, "சார், இங்க வாங்க. எல்லாமே லேட்டு. முன்னாடி அடிச்சது ஒண்ணுகூட இல்ல. தப்பாப் போறப்ப கை ரெண்டு பக்கமும் போகும், இல்லையா? இது ஒரே பக்கமாப் போயிருக்கு."

முடிவுத் திரையில் ஒரு வரைபடம் உண்டு. எந்த அடி எத்தனை முன்னால், எத்தனை பின்னால் என்று புள்ளி வைத்துக் குன்று போல் காட்டும். நான் குனிந்து பார்த்தேன். பார்த்தவன் நிமிரவில்லை.

நடுக்கோட்டிலிருந்து நொடியின் ஆயிரத்தில் இருபத்து நான்கு பங்கு தள்ளி ஒரு குன்று நின்றது. குன்றென்று சொல்வது தவறு, ஊசி. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அடிகளும் அந்த ஒரே இடத்தில், ஆயிரத்தில் ஐந்தாறு பங்குக்கு மேல் விலகாமல், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. ஒரு தேனீ இரண்டு முறை சிறகடிக்கும் நேரத்துக்குள் அந்தப் பெண் இரண்டாயிரம் முறை திரும்பத் திரும்ப வந்து நின்றிருக்கிறாள். தவறியிருக்கிறாள், ஆனால் தவறியதிலும் அவள் துல்லியம் குறையவில்லை. கோயிலோ குறியோ நம்பாதவன் நான். இந்த உடம்பு, வெறும் தசையும் நரம்பும், இதைச் செய்ய முடிகிறதே என்று மயிர்க்கூச்செறிய நின்றேன்.

"அட முட்டாளே!" என்று யாங்மி தன் நெற்றியிலேயே அறைந்துகொண்டாள். "திருத்த எண்ணை மாத்தல!"

கடை முழுக்க 'ஆ' என்றது. இந்த விளையாட்டு ஆடும் அத்தனை பேரும் ஒரு முறையாவது செய்த முட்டாள்தனம் அது. விரல் அழுத்துவதற்கும் கணினி அறிவதற்கும் நடுவில் ஒவ்வொரு விசைப்பலகையும் கொஞ்சம் நேரத்தை விழுங்கும். எவ்வளவு விழுங்குகிறதோ அந்த எண்ணைக் கணக்கில் எழுதி வைத்தால் விளையாட்டு அதைக் கழித்துக்கொள்ளும். அந்த எண் ஆளோடு போகும், இருக்கையோடு தங்காது. ஒரு மாதமாகக் காந்தப் பலகைக்கு வைத்த எண்ணோடு ரப்பர் பலகையில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொரு தடவை" என்றேன்.

"அதெப்படி? ஒரு வாட்டின்னுதான் பேச்சு" என்றான் ஹியோக்.

"தராசுல முள்ளு தள்ளி இருந்தா, முள்ளை நேராக்கிட்டுத்தானே நிறுக்கணும்? உனக்கு என்ன பயம்?"

"பயமா? எனக்கா? அடிக்கட்டும்."

அவள் எண்ணோடு இருபத்து நான்கைக் கூட்டினாள். பாட்டு தொடங்கியது. இந்த முறை சிவப்பே இல்லை. கட்டைகள் உண்மையிலேயே ஆலங்கட்டி மழையாய் இறங்கின. அந்தத் தேய்ந்த ரப்பர் மேல் ஏழு விரல்கள், அவசரமே இல்லாததைப் போல, மழைக்கு முன்பே அங்கே போய்க் காத்திருந்தன. கடையில் யாரும் தங்கள் விளையாட்டை ஆடவில்லை. கல்லாவில் யாரோ கேட்ட பொரித்த மண்டு எண்ணெயில் கருகும் வாசம் வந்தது, மியோங் நகரவில்லை.

ஓர் இடத்தில் தொடர்ச்சி அறுந்தது. பிறகு கடைசிக்குப் பக்கத்தில் இன்னொன்று. அவ்வளவுதான். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.

"ரெண்டு போச்சு!" என்றான் ஹியோக். ஆனால் அவன் குரலில் முந்தைய துள்ளல் இல்லை. அவனும் வரைபடத்தைப் பார்த்துவிட்டான். ஊசி நடுக்கோட்டில் நின்றது. அவன் குன்று எவ்வளவு அகலம் என்று அவனுக்குத் தெரியும்.

"ரெண்டும் ஒரே மாதிரி எடம்" என்றாள் யாங்மி. "நடு மூணும் ஒண்ணா அடிக்கிறது. அடிச்சேன். விரல் போச்சு, எனக்குத் தெரியும். அது ரெண்டுதான் எடுத்துச்சு."

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க ஆன்ட்டி."

"சொல்ல வேண்டாம். நீயே அடிச்சுப் பாரு. வெறும் எழுதுற பக்கத்தைத் தெறந்து."

அவன் உட்கார்ந்தான். எழுதும் பக்கத்தைத் திறந்து, அந்த மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினான். திரையில் இரண்டு எழுத்து. மறுபடி. இரண்டு. கோபத்தோடு குத்தினான். இரண்டு. பத்து தடவை செய்திருப்பான். மூன்றாவது எழுத்து வரவே இல்லை. மலிவான ரப்பர் பலகைகளின் உள்கம்பி அப்படிப் பின்னப்பட்டது. சில மூன்று விசைகளை ஒன்றாகச் சொன்னால் அதற்குக் காது கேட்காது.

ஹியோக் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "நான் இங்க அடிச்சா எத்தனை போகும்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டான். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. அவனே எண்ணை மாற்றிக்கொண்டு அடித்தான். முப்பத்தேழு போயிற்று. எழுந்து, "ரெண்டு இதோட கணக்கு. மிச்சம் முப்பத்தஞ்சு என் கணக்கு" என்றான். அந்த வரிக்காக அவனைப் பாதி மன்னித்துவிட்டேன்.

ஆக, நல்ல விசைப்பலகை உதவுமா என்று கேட்டால், உதவும். பொய் சொல்ல வேண்டியதில்லை. யாங்மிக்கு அது இரண்டு அடி கொடுத்தது. விழுங்கும் நேரத்தைக் குறைத்து ஊசியைக் கொஞ்சம் நகர்த்திவைத்தது. ஊசியை ஊசியாக்கியது அதுவல்ல. எந்தக் கடையிலும் அதற்கு ரகம் இல்லை.

மியோங் கைக்குட்டையாலேயே நட்சத்திரத்தைத் துடைத்தார். பிறகு ஜொன்ஜு போட்டியின் தாளை எடுத்துவந்தார். "யாங்மி, அங்க எல்லாருக்கும் ஒரே கீபோர்டாம், அவங்களே தர்றாங்களாம். கையெழுத்து மட்டும் போடு, மத்ததெல்லாம் நான் நிரப்பிக்கிறேன்."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "தொழில்னு ஒரு கட்டம் இருக்கே."

"அது கட்டாயம் இல்ல. திரையில பெருசாப் போடுவாங்க, அதுக்குத்தான். பசங்கல்லாம் மாணவன்னு போடுவாங்க. நீ விட்டுடு."

"ஏன் விடணும்?" பேனாவை வாங்கினாள். "அக்கா, இல்லத்தரசின்னு போட்டாலும்..." என்று இழுத்த ஹியோக்கை ஒரு பார்வை பார்த்தாள். அவன் முதல் முறையாக அவளை அக்கா என்றது அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை.

பள்ளிச் சமையலர் என்று கட்டம் கொள்ளாத அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதினாள். எழுதிவிட்டு, போட்டி எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.